வீட்டுக் கணினிக்கு எந்தக் காவல்?

நேயர்களுக்கு என் வணக்கம்.

வீட்டுக் கணினிகளைப் பழுது பார்ப்பது என் தொழில். புதிதாகக் கணினி வாங்கியவர்களும் சரி, பழைய கணினி திணறுகிறது என்று தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் சரி, தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "எந்த ஆன்ட்டிவைரஸ் போடலாம்?" உங்கள் கணினியில் விண்டோஸ் 10 அல்லது 11 இருந்தால், அதற்குள் ஒன்று ஏற்கனவே இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் என்பது அதன் பெயர்; முன்பு விண்டோஸ் டிஃபெண்டர் என்று இருந்தது. 2012ஆம் ஆண்டில் விண்டோஸ் 8 வந்தபோதே அது முழுமையான ஆன்ட்டிவைரஸாக விண்டோஸோடு சேர்ந்துவிட்டது. தொடக்கத்தில் சோதனைகளில் பின்தங்கியதால் அதற்கு நல்ல பெயர் இல்லை. இன்று அப்படி இல்லை. ஜெர்மனியின் மாக்டபர்க் நகரில் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரக் நகரில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்று இரண்டு சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. ஆன்ட்டிவைரஸ் மென்பொருள்களைத் தொடர்ந்து சோதித்து, யாரும் பார்க்கும்படி முடிவுகளை இணையத்தில் வெளியிடுகிறார்கள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள்களோடு டிஃபெண்டரும் அங்கே ஒரே வரிசையில் நிற்கிறது. பெரும்பாலான வீடுகளுக்கு அதுவே போதும் என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் அது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் வீடுகளில் சிக்கலே இதில்தான்.

பல வீடுகளில் இருப்பது கடையில் அசெம்பிள் செய்த கணினி. பாகங்களுக்குக் காசு கொடுத்திருப்பார்கள். விண்டோஸுக்கு உரிமம் வாங்கியிருக்க மாட்டார்கள். உரிமம் இல்லாத விண்டோஸை உரிமம் உள்ளதுபோல் காட்டுவதற்கு 'ஆக்டிவேட்டர்' என்று ஒரு சிறு மென்பொருளை ஓட்டுவார்கள். ஓட்டுவதற்கு முன் ஆன்ட்டிவைரஸை அணைக்க வேண்டும் என்பதுதான் அதன் முதல் நிபந்தனை. விலை உயர்ந்த போட்டோ எடிட்டிங் மென்பொருளின் திருட்டுப் பிரதியும், காசில்லாமல் இறக்கிய விளையாட்டும் இதையேதான் கேட்கின்றன. யார் எழுதியது என்று தெரியாத ஒரு மென்பொருள் காவலை விலக்கச் சொல்கிறது, நாமும் விலக்குகிறோம். அதற்குப் பிறகு எந்த ஆன்ட்டிவைரஸ் நல்லது என்று விசாரிப்பதில் பொருளே இல்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி, விண்டோஸ் செக்யூரிட்டி என்று தட்டச்சு செய்து திறந்துகொள்ளுங்கள். வைரஸ் அண்ட் த்ரெட் ப்ரொடக்ஷன் என்ற பகுதிக்குள் மேனேஜ் செட்டிங்ஸ் இருக்கும். அதைத் திறந்து கடைசிவரை கீழே போனால் எக்ஸ்க்ளூஷன்ஸ் என்று ஒரு தலைப்பு வரும். 'இந்த இடங்களைச் சோதிக்க வேண்டாம்' என்று ஆன்ட்டிவைரஸுக்குச் சொல்லிவைத்திருக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கணினியில் அந்தப் பட்டியல் வெறுமையாக இருக்க வேண்டும். பழுதுக்கு வரும் கணினிகளில் அங்கே சி டிரைவ் முழுவதுமே எழுதப்பட்டிருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கணினியின் மொத்த உயிரும் இருக்கிற இடம் சி டிரைவ்தான். டிஃபெண்டர் முகப்பில் பச்சை டிக் குறி போட்டு எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே எதையும் சோதிக்காது. நீங்கள் அறிந்து சேர்க்காத எதுவும் அந்தப் பட்டியலில் இருந்தால் உடனே நீக்கிவிட்டு, முழுச் சோதனை ஒன்றை ஓட்டுங்கள்.

காவல் விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழியும் உண்டு. ஐக்கார் சோதனைக் கோப்பு என்று ஒன்று இருக்கிறது. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி, அவ்வளவுதான். எந்தக் கெடுதலும் செய்யாது. ஆனால் உலகத்தின் எல்லா முக்கிய ஆன்ட்டிவைரஸ்களும் இதை வைரஸ்போல் பிடித்துக்காட்ட வேண்டும் என்று அவர்களுக்குள் ஏற்பாடு. அந்தக் கோப்பைச் சேமித்தும் உங்கள் கணினி வாயைத் திறக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று அறிந்துகொள்ளலாம்.

விண்டோஸுக்கு உரிமம் வாங்க வசதி இல்லாதவர்களுக்கும் நேரான வழி இருக்கிறது. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் இயங்குதளங்கள் முற்றிலும் இலவசம். தமிழில் தட்டச்சு செய்யலாம், படம் பார்க்கலாம், பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யலாம். திருட்டு விண்டோஸைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது பென் டிரைவ். ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து வீட்டில் செருகினால், ஃபோல்டர்களின் மேல் எல்லாம் குட்டியாக ஒரு அம்புக்குறி முளைத்திருக்கும். அளவைப் பார்த்தால் ஒன்றிரண்டு கேபிதான். பதறிப்போய் ஃபார்மட் செய்துவிடாதீர்கள். உங்கள் கோப்புகள் பெரும்பாலும் அதே பென் டிரைவில் மறைத்து வைக்கப்பட்டிருக்கும். சிஸ்டம் கோப்புகள் என்ற முத்திரையோடு மறைத்திருப்பதால், ஹிட்டன் ஐட்டம்ஸ் என்ற கட்டத்தில் டிக் போட்டாலும் கண்ணில் படாது. அம்புக்குறி உள்ளதைச் சொடுக்கினால் ஃபோல்டரும் திறக்கும், கூடவே பின்னால் வைரஸும் ஓடும். எனவே எதையும் சொடுக்காமல், பென் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து முதலில் டிஃபெண்டரால் சோதியுங்கள். மறைந்ததை வெளியே கொண்டுவருவதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். பிரிண்ட் எடுக்க வேண்டியதைக் கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை.

இனி ஃபயர்வால். கணினிக்குள் இருக்கும் கோப்புகளைச் சோதிப்பது ஆன்ட்டிவைரஸ். வெளியிலிருந்து நெட்வொர்க் வழியாக வரும் தொடர்புகளைத் தடுப்பது ஃபயர்வால். 2003 ஆகஸ்டில் பிளாஸ்டர் என்ற வைரஸ் பரவியது. யாரும் எதையும் சொடுக்க வேண்டியதே இல்லை. இணையத்தில் இணைந்திருந்தாலே போதும், அது உள்ளே வந்துவிடும். திரையில் 60 விநாடிகள் கீழ்நோக்கி எண்ணிவிட்டுக் கணினி தானே அணைந்து மறுபடி தொடங்கும். இத்தனைக்கும் அன்றைய விண்டோஸ் எக்ஸ்பியிலேயே ஃபயர்வால் இருந்தது, அணைத்துவைத்த நிலையில்! அடுத்த ஆண்டு ஆகஸ்டில் வந்த சர்வீஸ் பேக் 2தான் அதைத் தானாகவே இயங்கும்படி மாற்றியது. அன்றிலிருந்து வீட்டுக் கணினிக்கு ஃபயர்வாலைத் தனியாக வாங்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லாமல் போய்விட்டது.

ஒவ்வொரு மென்பொருளும் இணையத்துக்குப் போகும்போது 'விடவா, தடுக்கவா' என்று கேட்கும் ஃபயர்வால்களை வீடுகளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. சில நாட்களிலேயே எல்லோரும் படிக்காமல் 'சரி' என்று அழுத்தப் பழகிவிடுகிறார்கள். விண்டோஸின் ஃபயர்வால் எப்போதாவதுதான் கேட்கும். கேட்டால் மட்டும் நிதானமாகப் பெயரைப் படியுங்கள். நீங்கள் அப்போது திறக்காத மென்பொருளாக இருந்தால் அனுமதிக்காதீர்கள். ரயில் நிலையம், விடுதி போன்ற இடங்களில் வைஃபையில் இணையும்போது பப்ளிக் நெட்வொர்க் என்பதைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு ரவுட்டரையும் மறக்க வேண்டாம். பல ரவுட்டர்களில் உள்ளே நுழையும் பெயரும் பாஸ்வேர்டும் இன்னும் அட்மின், அட்மின் என்றே இருக்கின்றன. இன்றே மாற்றிவிடுங்கள்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவதில் பயனே இல்லையா? உண்டு. வீட்டுக் கணினியிலேயே கடைக் கணக்கும் பார்க்கிறவர்கள், பிள்ளைகள் பார்ப்பதைக் கட்டுப்படுத்த விரும்புகிறவர்கள், சிக்கல் என்றால் பேச ஓர் ஆள் வேண்டும் என்பவர்கள் வாங்கலாம். சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் என்று இந்திய நிறுவனங்களே இருக்கின்றன. வாங்கும் முன் நான் சொன்ன சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் பாருங்கள். முதல் ஆண்டு விலையோடு நிற்காமல், புதுப்பிக்கும்போது என்ன விலை என்று கேளுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் போடுங்கள். இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் ஒரே கோப்பை இரண்டும் மாறி மாறிச் சோதித்து, 4 ஜிபி ரேம் உள்ள கணினியை நகரவிடாமல் செய்துவிடும். புது லேப்டாப்போடு வந்த இலவசச் சோதனைக் காலம் முடிந்துவிட்டதா? அந்த மென்பொருளை நீக்கிவிடுங்கள். டிஃபெண்டர் தானாக இயங்கத் தொடங்கும்.

இலவசம் என்பதையும் விசாரித்துத்தான் ஏற்க வேண்டும். உலகம் முழுவதும் பயன்பட்ட அவாஸ்ட் நிறுவனம், பயனர்கள் எந்தெந்தத் தளங்களுக்குப் போனார்கள் என்ற விவரங்களைத் தன் துணை நிறுவனம் வழியாக விற்றது. அதற்காக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024இல் 165 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. காவலுக்கு வைத்தவரே வீட்டுச் செய்தியை வெளியே விற்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்டேட் விஷயத்தில் மட்டும் தயவுசெய்து சோம்பல் வேண்டாம். 2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற வைரஸ் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டதே, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு மார்ச் மாதமே கொடுத்துவிட்டது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் தொடர்ந்து வரும்; ஆனால் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிகளில் விண்டோஸின் சொந்த ஓட்டைகள் அடைபடாது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினி என்றால், முன்பு சொன்ன லினக்ஸைப் பற்றி யோசியுங்கள்.

கடைசியாக, வயதானவர்கள் இருக்கும் வீடுகளுக்கு. ஏதோ தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சைரன் ஒலியோடு, 'உங்கள் கணினியில் வைரஸ், இந்த எண்ணை அழைக்கவும்' என்று திரை நிறைய வரும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைகளில் தொலைபேசி எண் கொடுப்பதே இல்லை. அழைக்காதீர்கள். ஆல்ட், எஃப்4 விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். மூடவில்லை என்றால் கணினியையே அணைத்துவிடுங்கள். அழைத்து, அவர்கள் சொன்ன மென்பொருளைப் போட்டு, பணமும் போய்விட்டது என்றால் முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம், உடனே இணையக் குற்றங்களுக்கான அரசு உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தாமதிக்காமல் சொன்னால், பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. நன்றி, வணக்கம்.