நாலு பங்காளி வீட்டு ராட்வீலரும் 640 ரூபாய் வாய்மூடியும்

வணக்கம் மக்களே. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளைச் சுற்றிக் காட்டுகிற நம் சேனலில் இன்றைக்கு வளவு (நடு முற்றம்) கிடையாது, தூண் கிடையாது, ஆத்தங்குடித் தரைக் கல்லும் கிடையாது. போன வீடியோ பாதியில் குலுங்கி, யாரோ கத்துகிற சத்தத்தோடு நின்றுபோனதே, "என்ன ஆச்சு அக்கா" என்று கேட்டுக் கேட்டு என் போனைச் சூடாக்கிவிட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் மிச்சக் காட்சியைப் போட மாட்டேன், கேட்காதீர்கள். அதில் கீழே கிடப்பவர் நமக்குப் பால் ஊற்றுகிற அண்ணன். அவர் கால் ரத்தத்தைக் காட்டி எனக்கு வியூஸ் வேண்டாம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு பெரிய வீடு. எது என்று துருவ வேண்டாம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில், நம் ஊர் வீடுகள்தான் தெரியுமே. நான் முகப்பில் நின்று வாசல் நிலையில் செதுக்கியிருக்கிற கஜலட்சுமியை எடுத்துக்கொண்டிருந்தேன். பின்னால் சிலிண்டர் இறக்கக் கதவைத் திறந்துபோட்டிருக்கிறார்கள். அந்த வழியாக வீட்டு ராட்வீலர் வெளியே போய், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்த அண்ணனை வண்டியோடு சாய்த்துக் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. சத்தம் கேட்டு நான் முதல் கட்டு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஓடுகிறேன், ஓடுகிறேன், வீடு முடியவே மாட்டேன் என்கிறது. இந்த நீளத்தைப் பெருமையாகச் சொல்லி எத்தனை வீடியோ போட்டிருப்பேன்! அன்றைக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

நான் போய்ச் சேர்வதற்குள் அயித்தை வந்துவிட்டார். கும்மாயம் என்கிற இனிப்பை ஒரு வீடியோவில் கிண்டிக் காட்டினாரே, இந்த வீட்டுக் காவல்கார ஐயாவின் வீட்டுக்காரம்மா, அதே அயித்தை. நாற்பது கிலோ இருந்தால் அதிகம். "டேய், விடுறா" என்று ஒரே அதட்டல். விட்டது. அவர் சேலைத் தலைப்பை அதன் கழுத்துப்பட்டையில் கோத்து இழுத்துக்கொண்டு போனார், அதுவும் பூனைக்குட்டி மாதிரி கூடப் போனது. அந்த நாய் பேச்சைக் கேட்கிற மனிதர் உலகத்திலேயே அவர் ஒருத்தர்தான்.

அதற்குள் கூட்டம் கூடி, ஒருவர் காப்பித்தூள் கொண்டுவருகிறார், ஒருவர் மஞ்சள், ஒருவர் சுண்ணாம்பு. எனக்குக் கோபம் வந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே? எல்லாரையும் தள்ளிவிட்டு, குழாயைத் திறந்து, துணி சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவ வைத்தேன். பதினைந்து நிமிடம். கடிகாரம் பார்த்து. அது ரொம்ப நேரம், மக்களே. கை வலிக்கும், அண்ணன் "போதும் தாயி" என்று கெஞ்சுவார், நிறுத்தக் கூடாது. வெறிநோய்க் (ரேபிஸ்) கிருமி எச்சிலில் வருகிறது, சோப்புக்கு அது தாங்காது. அப்புறம் அரசு ஆஸ்பத்திரி. ஊசி அன்றைக்கே, பிறகு 3, 7, 28-ஆம் நாள், தோலுக்குள் போடுவது. ரத்தம் வந்த கடி என்பதால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்கிற நோய் எதிர்ப்பு மருந்தும் போட்டார்கள். எல்லாம் இலவசம். "தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்கள்" என்று இன்னும் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறீர்கள், அந்தக் காலம் போய்விட்டது.

சரி, இப்போது முதலாளிக்குப் போன் போடுவோம் என்றால், எந்த முதலாளி? அது நாலு பங்காளிக்குப் பொதுவான வீடு. ஒருத்தர் சென்னை, ஒருத்தர் கோயம்புத்தூர், இரண்டு பேர் வெளிநாடு. நாயை வாங்கிக் கொண்டுவந்து விட்டவர் ஒருவர், தீவனத்துக்குப் பணம் அனுப்புகிறவர் இன்னொருவர், வீட்டுச் சாவியும் சம்பளமும் மூன்றாமவர் பொறுப்பு, நாலாமவர் கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் மட்டும் வருவார். அந்த வீட்டில் எந்த அறை யாருக்கு, எந்தப் பித்தளை அண்டா எந்தப் புள்ளிக்கு (குடும்பத்துக்கு) என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நாய் யாருக்கு என்று மட்டும் எங்கேயும் எழுதவில்லை. நான் பேசின முதல் ஆள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "வீடியோவில் நம்ம வீட்டு நிலை தெரியுதாம்மா?"

தடுப்பூசி அட்டை கேட்டேன். இவரிடம் இல்லை, அவரிடம் இருக்கும். அவரிடம் இல்லை, ஐயாவிடம் இருக்கும். ஐயாவுக்கு அப்படி ஒரு அட்டை இருப்பதே தெரியாது. கடைசியில் அயித்தைதான் அரிசி டப்பாவுக்குள்ளே இருந்து எடுத்துக்கொடுத்தார், ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறார். குட்டியில் போட்ட ஊசிதான், அதற்குப் பிறகு வருடாவருடம் போட வேண்டியது விட்டுப்போயிருக்கிறது.

காவலுக்கு நாய் வேண்டும் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. வருடத்தில் பத்து மாதம் பூட்டிக்கிடக்கிற வீடு, உள்ளே பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, தஞ்சாவூர்ப் படம். வயதான இரண்டு பேர் மட்டும் காவல். திருடனுக்குப் பயம் வேண்டும்தான். ஆனால் ராட்வீலர் என்ன நாய்? ஜெர்மனியில் ராட்வைல் ஊர்ப் பக்கத்து மாடு மேய்ப்பு நாய், கசாப்புக்காரர்களின் வண்டி இழுத்த நாய். நாள் முழுக்க வேலையும், கூடவே ஒரு எஜமானும் இருந்து பழகின ஜாதி. ஆண் நாய் ஐம்பது கிலோவைக்கூடத் தாண்டலாம். அதைக் கொண்டுவந்து கிணற்றடித் தூணில் கட்டிப்போட்டால் அது என்ன செய்யும்?

ஆ, முக்கியமானதை விட்டுவிட்டேன். இதை வாங்கும்போது 45 நாள் குட்டி. நம் பக்கம் யாரைக் கேட்டாலும் "45 நாள்ல எடுத்துரணும்" என்பார்கள். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது. எட்டு வாரம் என்றால் 56 நாள், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். தாயோடும் கூடப்பிறந்ததோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்றுக்கொள்கிறது. மூன்றாவது வாரத்திலிருந்து பதினாலாவது வாரம் வரைக்கும் பார்க்கிற ஆட்கள், வண்டி, குழந்தை, குடை எல்லாம்தான் பிறகு அதற்குச் சாதாரணம். இந்த நாய் அந்த நாட்களில் பார்த்தது இரண்டு கிழவர்களையும் ஒரு கிணற்றையும்.

இனத்தின் மேல் பழி போட வேண்டாம், வளர்ப்புதான் காரணம் என்று எழுதுவீர்கள். பாதி ஒப்புக்கொள்கிறேன். பொமரேனியனும் கடிக்கும், அதிகமாகவே கடிக்கும். ஆனால் அது கடித்தால் பேண்டேஜ், இது கடித்தால் ஆபரேஷன். தாடை பெரியது என்றால் பொறுப்பும் பெரியது, இதில் என்ன சண்டை? 2024 மார்ச்சில் மத்திய அரசு 23 இனங்களை இறக்குமதி செய்யவும் விற்கவும் இனப்பெருக்கம் செய்யவும் விடக் கூடாது என்று மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. பிட்புல், ராட்வீலர், கேன் கோர்சோ எல்லாம் அதில் உண்டு. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்த மே மாதம் சென்னை ஆயிரம் விளக்கில் மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் குதறின. 2025 ஆகஸ்டில் ஜாபர்கான்பேட்டையில் பிட்புல் கடித்து ஒருவர் இறந்தே போனார். அந்த டிசம்பரில்தான் சென்னை மாநகராட்சி, இந்த இரண்டு இனத்துக்கும் இனிமேல் புது உரிமம் இல்லை, இருக்கிறவற்றை வெளியே கூட்டிவந்தால் கயிறும் வாய்மூடியும் கட்டாயம் என்று முடிவெடுத்தது. எனக்கு ஒரு பயம். சென்னையில் வைத்துக்கொள்ள முடியாத நாயெல்லாம் எங்கே வரும்? ஊரில் பூட்டிக்கிடக்கிற பூர்வீக வீட்டுக்குத்தான்.

சட்டத்தைப் பாருங்கள், எனக்கு வயிறு எரிகிறது. நாட்டின் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு. தன் வசம் இருக்கிற விலங்கால் ஆபத்து வராமல் பார்க்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, இல்லை 5,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டும். தன் வசம்! நாய் யார் வசம் இருந்தது? போலீஸ் வந்தால் வாசலில் நிற்பது காவல்கார ஐயாதானே? அவர் அன்று ராத்திரி சாப்பிடவே இல்லை. "என்னயப் பிடிச்சுட்டுப் போயிருவாகளா தாயி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுபது வயசு மனிதர், ராட்வீலர் வேண்டும் என்று யாரிடமும் கேட்டவர் இல்லை.

எப்போதும் கட்டிப்போட்டு வைத்திருக்கிற நாயை நடக்க, ஓட விடாமல் இருப்பதும் குற்றம்தான், 1960-ஆம் வருட மிருகவதைத் தடைச் சட்டத்திலேயே இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். ஐம்பதுக்கு இன்றைக்கு ஒரு தட்டு வெள்ளைப் பணியாரம் வராது.

இப்போது வாய்மூடிக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள், இந்த நாய்க்கு ஒன்று வாங்க நான் பட்ட பாடு தனி. காரைக்குடியில் நான் கேட்ட கடைகளில் எல்லாம் எடுத்து நீட்டுவது நைலான் பட்டை, 180 ரூபாய். வாயை இறுக்கி மூடிவிடும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, வாயைத் திறந்து நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணிக்கும். நம் ஊர் வெயிலில் கருப்பு நாய்க்கு அதை மாட்டி நடத்தினால் சுருண்டு விழுந்துவிடும். டாக்டர் ஊசி போடுகிற இரண்டு நிமிடத்துக்கு வேண்டுமானால் அது சரி. வேண்டியது கூடை மாதிரி இருப்பது, உள்ளே வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். ஒரு கடைக்காரர் தோலில் இருக்கிறது, 1,100 என்றார். எடுத்துப் பார்த்தால் ரெக்ஸின்! ரெக்ஸின், மக்களே! ரெக்ஸினுக்கும் தோலுக்கும் வித்தியாசம் தெரியாதவள் என்று என்னை நினைத்துவிட்டார்.

ஆன்லைனில் போட்டேன், 640. அளவு எடுக்க வேண்டும்: கண்ணுக்கு ஒரு விரல் கீழே மூக்கைச் சுற்றி, அப்புறம் மூக்கு நுனிவரை நீளம். டேப்பைப் பார்த்ததும் உறுமுகிறது. அயித்தை பூ கட்டுகிற நாரை எடுத்து, காதைச் சொறிந்துகொண்டே சுற்றி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தார். அதை ஸ்கேலில் வைத்து அளந்தேன். வந்தது பார்த்தால், அட்டையில் ஒரு அளவு, உள்ளே இருப்பது வேறு அளவு, லாப்ரடார் குட்டிக்குக்கூடப் போதாது. திருப்பி அனுப்பினால் "பயன்படுத்திய பொருள்" என்று பதில். நாய் எச்சில்கூடப் படவில்லை! விடுவேனா? நார் முடிச்சை வைத்துப் படம் எடுத்து அனுப்பி, பேசி, கடைசியில் மாற்றிக் கொடுத்தார்கள், அதுவும் ஐம்பது ரூபாய் கூப்பனோடு.

அந்தக் கூடைக்குள் நெத்திலிக் கருவாட்டை ஒட்டவைத்து, மாட்டாமல் சும்மா காட்டி, அதுவே மூக்கை உள்ளே விடும்வரை அயித்தை பொறுமையாக உட்கார்ந்திருந்தார். பட்டையைப் பூட்டுவது அப்புறம், முதலில் சில நொடி, பிறகு கொஞ்சம் கூட. இப்போது டப்பாவைத் திறந்தாலே மூக்கை நீட்டுகிறது. சாயங்காலம் ஐயாவும் அயித்தையும் இரண்டு கயிறு போட்டுப் பின்தெருவில் நடத்துகிறார்கள். தெருக்காரர்கள் திண்ணையில் ஏறி நின்று பார்க்கிறார்கள், அதில் தப்பில்லை.

"பேசாமல் நாட்டு நாய் வளர்க்கலாமே" என்று ஒரு கூட்டம் வரும், தெரியும். எனக்கும் கோம்பை, ராஜபாளையம், சிப்பிப்பாறை எல்லாம் உயிர். வெயில் தாங்கும். ஆனால் கோம்பை காட்டுப்பன்றியை மறித்த நாய் என்பதை மறக்க வேண்டாம். அதையும் கட்டிப்போட்டுத் தனியே விட்டால் பால்காரர் கால் பால்காரர் கால்தான். கூர் வைத்த பட்டையைக் கட்டிப் பைக்கில் உட்காரவைத்து ரீல்ஸ் போடுகிற தம்பிகளுக்கும் இதுதான். "எங்க நாய் ஒண்ணும் பண்ணாது" என்ற வாக்கியத்தைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

லண்டனிலிருந்து பார்க்கிற ஆச்சி ஒருத்தர் நல்ல விஷயம் எழுதியிருந்தார். அங்கே 1991-லேயே ஆபத்தான நாய்களுக்கு என்று சட்டம் வந்துவிட்டது. அந்தத் தடைப் பட்டியலில் எக்ஸ்எல் புல்லி இனத்தையும் சேர்த்த பிறகு, அந்த நாயை 2024 பிப்ரவரியிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. சான்றிதழ் வேண்டுமானால் கருத்தடை, மைக்ரோசிப், கூடவே அடுத்தவருக்குக் காயம் ஆனால் கொடுக்க இன்சூரன்ஸ். இந்தக் கடைசிதான் எனக்குப் பிடித்தது. யார் கொடுப்பது என்ற பேச்சே வராது பாருங்கள்.

ஏனென்றால் இங்கே அந்தப் பேச்சுதான் ஓடுகிறது. அண்ணனுக்கு வண்டி ஹேண்டில் வளைந்து, பால் கேன் நசுங்கி, வேலைக்குப் போகாத நாட்களும் சேர்த்துக் கணக்கு எழுதி, ரசீதோடு பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போடச் சொல்லிக் கொடுத்தேன். வருடாந்தர ஊசி போட்டாகிவிட்டது, அதற்கு ஒருவர் பணம் அனுப்பிவிட்டார். பின்வாசலுக்கு உள்பக்கமாக இன்னொரு கம்பிக் கதவு வைக்க இன்னொருவர் ஆசாரியிடம் பேசியிருக்கிறார். அண்ணன் கணக்குக்கு மட்டும் இதுவரை வந்திருப்பது மூன்று கட்டைவிரலும் ஒரு கும்பிடும்.