ஸ்டார் டிஸ்ட்ராயர், எண்டர்பிரைஸ், ரோசினான்டே: மோதினால் யார் ஜெயிப்பார்கள்?

[திரையில்: மூன்று கப்பல்களும் ஒரே அளவுகோலில்]

ஸ்டார் வார்ஸின் ஸ்டார் டிஸ்ட்ராயர் 1,600 மீட்டர் நீளம். ஸ்டார் ட்ரெக்கின் எண்டர்பிரைஸ்-டி ஏறக்குறைய 640 மீட்டர். தி எக்ஸ்பான்ஸ் தொடரின் ரோசினான்டே சுமார் 46 மீட்டர்தான். பெரியதுதான் ஜெயிக்கும் என்று உடனே சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். இந்த மூன்றும் எந்தப் போரைப் பார்த்து உருவானவை என்று முதலில் பார்த்துவிடுவோம்.

[திரையில்: சாய்ந்து திரும்பும் எக்ஸ்-விங் போர் விண்கலம்]

1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில், விண்வெளிக் காட்சிகள் தயாராகும்வரை ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப்போர் விமானச் சண்டைகளை எடிட்டிங்கில் ஒட்டி வைத்திருந்தார். காற்றே இல்லாத இடத்தில் எக்ஸ்-விங் விமானம்போலச் சாய்ந்து திரும்புவது அதனால்தான்.

ஸ்டார் ட்ரெக் கடலுக்கு அடியில் போனது. 1966இல் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' அத்தியாயத்தில் எதிரிகளான ரோமுலன் இனத்தின் கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்துகொள்கிறது. தப்பிக்க, குப்பையையும் உடைசல்களையும் வெளியே தள்ளி, தான் அழிந்துவிட்டதாக நம்பவைக்கப் பார்க்கிறது. அப்பட்டமான நீர்மூழ்கித் தந்திரம்! இரண்டு கேப்டன்களும் ஒருவர் மனதை ஒருவர் படிக்கிற அந்தப் பதற்றம் இன்றைக்கும் குறையவில்லை.

[திரையில்: ரோசினான்டே, தலைகீழாகத் திரும்புகிறது]

எக்ஸ்பான்ஸில்தான் என் மனம் நிற்கிறது. இங்கே தாக்குதலைத் தடுக்கும் ஆற்றல் கேடயம் கிடையாது, செயற்கை ஈர்ப்பும் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமா? கப்பலைத் திருப்பி, எஞ்சினைப் போகும் திசைக்கு நேராக வைத்து எரிக்க வேண்டும். சண்டைக்கு முன்பு எல்லோரும் விண்வெளி உடை போட்டுக்கொண்டு, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிடுகிறார்கள். சுவரில் ஓட்டை விழுந்தாலும் பீறிட்டு வெளியேறக் காற்று இருக்காது. டோனஜர் என்ற போர்க்கப்பல் தாக்கப்படும் காட்சியில், மின்காந்த விசையால் குண்டை ஏவும் ரெயில்கன்னின் குண்டு ஒரு சுவரில் நுழைந்து மறு சுவர் வழியாகப் போய்விடும். நடுவில் உட்கார்ந்திருந்தவரின் தலை இல்லை. அந்தக் காட்சியை முதலில் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது.

அப்புறம் உடல். 10 ஜி, அதாவது பூமி ஈர்ப்பைப்போல் பத்து மடங்கு முடுக்கத்தில் 60 கிலோ மனிதரின் உடல் 600 கிலோ கனக்கும். எதிரியின் டார்ப்பிடோ கொல்வதற்கு முன்பு சொந்த எஞ்சினே கொன்றுவிடலாம். அதைத் தாங்கத்தான் நாற்காலியிலேயே ஊசிமருந்து ஏறுகிறது.

[திரையில்: மூன்றும் எதிரெதிரே]

சரி, இப்போது மோதவிடுவோம். அவரவர் உலகத்து விதிகளோடு வந்தால் ரோசினான்டேக்கு வாய்ப்பே இல்லை. கேடயத்தைத் துளைக்க அதனிடம் எதுவும் கிடையாது. ஆனால் மூவரும் எக்ஸ்பான்ஸ் விதிகளுக்குள் வந்தால்? கேடயம் போய்விடும், செயற்கை ஈர்ப்பும் போய்விடும். ஸ்டார் டிஸ்ட்ராயர் முழு வேகத்தில் கிளம்பும் முதல் நொடியில், மேல்தளத்தில் நின்றுகொண்டிருக்கும் அதிகாரிகள் அத்தனை பேரும் பின்சுவரில் போய் மோதுவார்கள். ரோசினான்டே அதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டிருக்காது.