அப்பாக்கள் வாய்விட்டுச் சொல்லாத சதையடைப்பு

(திரையில்: இருட்டான கூடம். குளியலறைக் கதவின் அடியில் கோடாக வெளிச்சம்.)

வணக்கம். என் மாமாவுக்கு வயது 67. தை மாதம் ஒரு கல்யாணத்துக்காக வெளியூர் போயிருந்தோம். மண்டபத்துக் குளிரில் அவருக்குச் சளி பிடித்தது. பக்கத்து மருந்துக் கடையில் சளி மாத்திரை இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். விடியற்காலை நான்கு மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினார். முகமெல்லாம் வியர்வை. "மாப்பிள்ளை, ராத்திரியிலிருந்து ஒரு சொட்டு வரவில்லை" என்றார். அடிவயிறு பானை கவிழ்த்ததுபோல் உப்பி, தொட்டால் கல்லாக இருந்தது.

மருத்துவமனையில் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செலுத்தினார்கள். பையில் 900 மில்லி சிறுநீர் இறங்கியது. 400, 500 மில்லி சேர்ந்தாலே நமக்கெல்லாம் பொறுக்க முடியாது. பை நிறைய நிறைய அவருடைய புருவ முடிச்சு அவிழ்ந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

டாக்டர் கேட்டார்: "இரவில் எத்தனை முறை எழுந்திருக்கிறீர்கள்?" "நான்கு, ஐந்து." "எவ்வளவு காலமாக?" "நான்கு வருஷம் இருக்கும். வயதாகிவிட்டது இல்லையா?" அத்தைக்கு மட்டும் இது தெரியும். சர்க்கரையாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். அது சர்க்கரை இல்லை, புராஸ்டேட் சுரப்பி வளர்வதால் வரும் சதையடைப்பு. அந்த நான்கு வருஷ மௌனத்துக்காகத்தான் இந்த வீடியோ.

(திரையில்: சிறுநீர்ப்பை, அதன் கீழே புராஸ்டேட், நடுவே செல்லும் சிறுநீர்க்குழாய்.)

ஆண்களுக்கு மட்டும் உள்ள சுரப்பி புராஸ்டேட். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே உட்கார்ந்திருக்கிறது. வாலிபத்தில் ஏறக்குறைய 20 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. விந்துத் திரவத்தில் ஒரு பங்கைச் சுரப்பது இதன் வேலை. சிக்கல் எல்லாம் அது இருக்கும் இடத்தில்தான். சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து போகிறது. நாற்பதைத் தாண்டினால் சுரப்பி மெல்ல வளர ஆரம்பிக்கிறது. ஐம்பதுகளில் இருக்கும் ஆண்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு இந்த வளர்ச்சி உண்டு. குழாயை ஒட்டிய உள்பகுதி வளர்வதால் குழாய் நெருக்கப்படுகிறது. சித்த மருத்துவம் இதற்குச் சதையடைப்பு என்று பெயர் வைத்திருக்கிறது. நோயை அப்படியே படம் பிடித்த சொல்.

இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடும். புராஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குவதால் ஆரம்பத்தில் எந்தத் தொந்தரவும் தராமல் இருந்துவிடும்.

சரி, மாமாவுக்கு அன்று இரவு மட்டும் ஏன் முழுதாக அடைத்தது? அந்தச் சளி மாத்திரைதான் காரணம். மூக்கடைப்பைத் திறக்கும் மருந்துகளில் பல, புராஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பையின் கழுத்திலும் உள்ள தசையை இறுக்கிவிடும். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மருந்துகளோ, பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். ஏற்கெனவே குறுகிய வழி, அதன்மேல் ஓர் இறுக்கு. நீர் மெதுவாக இறங்கும் பெரியவர் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்காமல் சளி மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

(திரையில்: கரீபியன் கடலின் வரைபடம். டொமினிகன் குடியரசு.)

சுரப்பி ஏன் வளர்கிறது? இதற்கு விடை தேடினால் ஒரு தீவின் கிராமத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. டொமினிகன் குடியரசில் லாஸ் சலினாஸ் என்ற ஊர். அங்கே சில குழந்தைகள் பிறக்கும்போது பெண்போலத் தோன்றி, பருவ வயதில் ஆணாக வளர்ந்தார்கள். ஊரார் அவர்களை ஏற்றுக்கொண்டு, அவர்களுக்கென்று ஒரு பெயரும் வைத்திருந்தார்கள். அமெரிக்க மருத்துவர் ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி அங்கு சென்று ஆராய்ந்து 1974-இல் காரணத்தை வெளியிட்டார். அவர்கள் உடலில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவில்லாமல் இருந்தது. அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோனாக மாற்றும் ஒரு நொதிதான் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு அவர்களுக்குத் தாடி அடர்த்தியாக இல்லை, வழுக்கை விழவில்லை, புராஸ்டேட் சிறியதாகவே இருந்தது.

மருந்து நிறுவனமான மெர்க்கில் இருந்தவர்கள் இந்தக் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த நொதியை மாத்திரையால் தடுத்தால் புராஸ்டேட் சுருங்குமா? சுருங்கியது. ஃபினாஸ்டரைடு என்ற அந்த மருந்து 1992-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஐந்து ஆண்டு கழித்து, 1997-இல், அதே மருந்து 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கும் வந்தது. முடி உதிர்கிறது என்று உங்கள் தம்பி போடும் மாத்திரையும் உங்கள் அப்பா போடும் மாத்திரையும் ஒன்றாகவே இருக்கலாம், அளவுதான் வேறு. ஒரு சிற்றூர் மக்களின் உடலிலிருந்து உலகத்து அப்பாக்களுக்கு மருந்து கிடைத்திருக்கிறது. இதைப் படித்த நாளில் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

(திரையில்: இரண்டு மாத்திரைகள், அருகருகே.)

சிகிச்சைக்கு வருவோம். டாம்சுலோசின் போன்ற மருந்துகள் இறுகிய தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே பலன் தெரியும். ஆனால் சுரப்பி சிறுத்துவிடாது. எழுந்து நிற்கும்போது தலைசுற்றலாம், அதனால் பெரும்பாலும் இரவில் போடச் சொல்வார்கள். படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழ வேண்டும். ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு வகை மருந்துகள் சுரப்பியையே சுருக்குகின்றன. இவற்றுக்கு ஆறு மாதம் பொறுமை வேண்டும். சிலருக்கு ஆசை குறையலாம், விறைப்பு தளரலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையைத் தாமாகவே நிறுத்திவிடுகிறவர்கள் நிறையப் பேர். டாக்டரிடம் சொன்னால் அவர் வேறு வழி பார்ப்பார்.

ஒரு கணக்கை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புராஸ்டேட் புற்றுநோய் இருக்குமோ என்று பார்க்கச் செய்யும் பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் எண்ணை இந்தச் சுருக்கும் மருந்துகள் ஏறக்குறைய பாதியாகக் குறைத்துக் காட்டும். காகிதத்தில் 3 என்று இருந்தால் உண்மையில் அது 6 ஆக இருக்கலாம். இந்த மாத்திரையைப் போடுகிறவர் பரிசோதிக்கிற டாக்டரிடம் அதைச் சொல்லியே தீர வேண்டும். எண் கூடிவிட்டால் உடனே புற்றுநோய் என்று இடிந்து போகவும் வேண்டாம். சதையடைப்பாலும் கூடும், கிருமித் தொற்றாலும் கூடும், குழாய் போட்டாலும் கூடும்.

(திரையில்: ஏழு கேள்விகள் உள்ள தாள், பேனா.)

நோய் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறிய உலகெங்கும் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு தாளைப் பயன்படுத்துகிறார்கள். முழுதாகக் கழிந்த நிறைவு வருகிறதா, விட்டு விட்டு வருகிறதா, முக்க வேண்டியிருக்கிறதா, இரவில் எத்தனை முறை என்பன போன்ற கேள்விகள். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. எட்டாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. வாழ்நாள் முழுவதும் இப்படியே இருந்தால் எப்படி உணர்வீர்கள்? மாமா மற்ற ஏழையும் மளமளவென்று நிரப்பிவிட்டார். இந்த ஒரு கேள்வியில் பேனா நெடுநேரம் நின்றது. நான்கு வருஷத்தில் யாரும் அவரை இப்படிக் கேட்டதில்லை.

மூன்று நாள் நோட்டு எழுதிக்கொண்டு போனால் டாக்டருக்குப் பெரிய உதவி. எப்போது, எவ்வளவு குடித்தீர்கள், எத்தனை மில்லி கழித்தீர்கள். ஏனென்றால் இரவில் எழுவதற்கெல்லாம் புராஸ்டேட்தான் காரணம் என்பதில்லை. சர்க்கரை இருக்கலாம், பகலில் காலில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பியிருக்கலாம், குறட்டையோடு மூச்சு நிற்கும் நோய் இருக்கலாம். பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்று நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பவர்களும் உண்டு. நம் வெயிலில் அது கல்லடைப்புக்கு வழி. பகலில் குடியுங்கள், படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பு குறைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் ரத்தம் கண்டால் மட்டும், வலி இல்லாவிட்டாலும், காத்திருக்காதீர்கள்.

மருந்து போதாதபோது அறுவை சிகிச்சை. குழாய் வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையை மின்கம்பி வளையத்தால் சீவி எடுக்கிறார்கள். வெளியே கீறலே இல்லை. மிகப் பெரிதாக வளர்ந்த சுரப்பியையும் இப்போது ஹோல்மியம் லேசரால் உரித்தெடுக்க முடிகிறது. இதற்குப் பிறகு உச்சத்தில் விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடுவது மிகவும் சாதாரணம். அதனால் தீங்கில்லை, இன்பமும் பெரும்பாலும் குறைவதில்லை. ஆனால் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பயந்து, மனைவியிடம்கூடச் சொல்லாமல் ஒடுங்கிப்போகிறவர்கள் இருக்கிறார்கள்.

(திரையில்: உடற்பயிற்சிக் கூடம்.)

ஹார்மோன் என்றதும் இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. களைப்பாக இருக்கிறது, உடம்பு ஏறவில்லை என்று டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து அது வந்தால், இனி வேலை வேண்டாம் என்று மூளை விரைகளுக்குச் செய்தி அனுப்புவதை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி சரிந்துவிடும், நின்றும் போகலாம். குழந்தை வேண்டும் என்று இருப்பவர் இதைத் தொடவே கூடாது. உண்மையிலேயே குறைவா என்று அறிய, காலையில், இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். அறிகுறியும் இருக்க வேண்டும்.

விறைப்புக் குறைவை வெறும் படுக்கையறைச் சங்கதியாக எண்ணாதீர்கள். அங்கே போகும் ரத்தக் குழாய்கள் இதயத்துக் குழாய்களைவிட மெலிந்தவை. அடைப்பு முதலில் அங்கே தெரியலாம். சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் மூன்றையும் பாருங்கள். நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் மாத்திரை வைப்பவர், விறைப்புக்குக் கொடுக்கும் சில்டெனாஃபில் மாத்திரையைப் போடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் இரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தான அளவுக்குச் சரியும்.

(திரையில்: கண் மருத்துவமனையின் காத்திருப்பு வரிசை.)

மாமாவுக்கு மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். டாம்சுலோசின் தொடர்கிறது. இப்போது இரவில் ஒரு முறைதான் எழுகிறார். போன மாதம் கண்புரை அறுவைக்குப் போனோம். டாம்சுலோசின் போடுகிறவர்களுக்கு அறுவையின் நடுவே கண்பாவை சுருங்கலாம், கருவிழித் திரை தொய்ந்து ஆடலாம். முன்பே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்கேற்பத் தயாராக இருப்பார், மாத்திரையை நிறுத்திவிட்டாலும் சொல்லத்தான் வேண்டும். செவிலியர் வேறு ஏதாவது மருந்து உண்டா என்று கேட்டபோது நான் வாயைத் திறக்கும் முன் மாமா சட்டைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். "புராஸ்டேட்டுக்குப் போடுகிறேன் அம்மா" என்றார். வரிசையில் பின்னால் நின்ற பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்து, "இது எதற்கு?" என்று கேட்டார். மாமா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.