பழி ஓரிடம், பாவம் ஓரிடம்

(உசிலம்பட்டி அருகே ஒரு கிராம நூலகத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பிகளுக்கும் வணக்கம்.

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். இந்த வட்டாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருஷம் மருந்தாளுநராக இருந்தேன். உங்களுக்கு கம்பவுண்டர் சார். என்னைப் பேசக் கூப்பிட்டவர்கள் 'இளைஞர்களும் போதையும்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். கஞ்சா, சாராயம் பற்றியெல்லாம் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் கையில் ஒரு காலி மாத்திரை அட்டையோடு வந்திருக்கிறேன். இது டாக்டர் எழுதிக் கொடுத்து, மெடிக்கலில் காசு கொடுத்து வாங்கியது. டிராமடால் என்ற வலி மாத்திரை.

இந்த அட்டை யாருடையது என்று பேரும் ஊரும் சொல்ல மாட்டேன். மதுரையில் காய்கறி மூட்டை தூக்கும் லோடுமேன் ஒருவர். அப்போது 38 வயது இருக்கும். லாரியிலிருந்து வெங்காய மூட்டை இறக்கும்போது கால் இடறி, இடுப்பில் பிடித்துக்கொண்டது. தனியார் கிளினிக்கில் காட்டினார். பத்து நாளைக்கு, ஒரு நாளைக்கு இரண்டு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்றாம் நாளே மூட்டை தூக்கப் போய்விட்டார். போகாவிட்டால் கூலி கிடையாது, அவருடைய இடத்தில் வேறு ஆள் நின்றுவிடுவார்.

பத்து நாள் முடிந்தது. சீட்டு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அதே சீட்டைக் காட்டி ஒன்றரை வருஷம் மாத்திரை வாங்கியிருக்கிறார். மடித்து மடித்து அந்தத் தாள் நான்கு துண்டாகிவிட்டது, செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒட்டிய சீட்டுக்கும் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

இடையில் ஒரு நாள் எங்கள் சுகாதார நிலையத்துக்கு வந்தார். சித்திரை மாதம், காலை பத்து மணிக்கே மண்டை பிளக்கிற வெயில். அவருக்கோ கை முழுக்கப் புல்லரித்து நிற்கிறது, இறகு பிடுங்கிய கோழித் தோல் மாதிரி. கண்ணில் தண்ணீர், மூக்கு ஒழுகுகிறது. வார்த்தைக்கு வார்த்தை கொட்டாவி விடுகிறார். "ராத்திரியெல்லாம் காலு உளையுது சார், பழைய வலி திரும்பிருச்சு, வயிறும் போகுது" என்றார். நான் பாராசிட்டமால் நாலு மாத்திரையும் உப்புக்கரைசல் பாக்கெட் ரெண்டும் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அது பழைய வலி இல்லை. வழக்கமாகப் போடும் மாத்திரை கிடைக்காமல் உடம்பு படுகிற பாடு. நான் படித்த பாடத்தில் இந்த அறிகுறிகள் வரிசையாக இருக்கின்றன. கொட்டாவி, கண்ணீர், மூக்கொழுகல், புல்லரிப்பு, கைகால் உளைச்சல், வயிற்றுப்போக்கு. பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன் நான். ஆனால் போதைக்காரன் என்றால் எப்படி இருப்பான் என்று மனதில் ஓர் உருவம் வைத்திருந்தேன். வியர்வை நாற்றத்தோடு, தோளில் துண்டோடு, வேலைக்கு நேரமாகிறதே என்று பரபரத்து நிற்கும் மனிதர் அந்த உருவத்துக்குள் அடங்கவில்லை. அதனால் எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு வரைக்கும் என்னை உறுத்துகிற விஷயம் இது.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வலியை அடக்க நம் உடம்பே ஒரு சரக்கு சுரக்கிறது, எண்டார்ஃபின் என்று பெயர். அபினிலிருந்து வரும் மார்ஃபின் ஆகட்டும், ஃபேக்டரியில் செய்யும் டிராமடால் ஆகட்டும், எண்டார்ஃபின் உட்காரும் அதே இடத்தில் போய் உட்காருகின்றன. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெளியிலிருந்து வந்துகொண்டே இருந்தால் உடம்பு தன்னை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறது. இரண்டு போதாமல் நான்கு வேண்டும். நிறுத்தினால், அடிபடாத இடமும் சேர்ந்து வலிக்கும். மாத்திரை போட்டால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கும். அப்போது அந்த மனிதர் என்ன நினைப்பார்? 'என் இடுப்பு இன்னும் ஆறவில்லை, இந்த மாத்திரைதான் என்னை நடமாட வைக்கிறது' என்றுதானே நினைப்பார்? அவர் போதைக்காகப் போடவில்லை. மறுநாள் வேலைக்குப் போவதற்காகப் போட்டார்.

நாளைக்கு 12 மாத்திரை வரை போயிருக்கிறார். டிராமடால் அளவு மீறினால் வலிப்பு வரும். ஒரு நாள் சந்தையிலேயே வலிப்பு வந்து விழுந்து, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கே இருந்த ஒரு சின்ன வயது டாக்டரம்மா, "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க அண்ணே, எல்லாத்தையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க" என்று கேட்டிருக்கிறார். நாங்கள் யாரும் கேட்காத கேள்வி.

அப்புறம்தான் ஊருக்குத் தெரிந்தது. தெரிந்ததும் ஊர் என்ன செய்தது? அவருடைய அப்பா, "என் வம்சத்துலயே இப்படி ஒருத்தன் இல்ல" என்று சோற்றுத்தட்டை எடுத்து வீசினார். "பொண்டாட்டி சரியா இருந்தா புருசன் ஏன் மாத்திரையத் திங்கிறான்" என்று பெண்கள் கேட்டார்கள். நம்மிடம் ஒரு சொலவடை உண்டு, பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று. அவருடைய மனைவியின் முகத்தைப் பார்த்த அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்கு உறைத்தது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் வெஸ்ட் வர்ஜீனியா என்று மலைப்பாங்கான மாநிலம் ஒன்று இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கம், மரம் வெட்டு. உடம்பை முறித்து உழைக்கிற சனம். அங்கே கெர்மிட் என்று ஒரு சிற்றூர், மொத்தம் 400 பேர்கூட இல்லை. அந்த ஊரின் ஒரு மருந்துக்கடைக்கு மட்டும் இரண்டு வருஷத்தில், இதே வகை வலி மாத்திரையான ஹைட்ரோகோடோன் சுமார் 90 லட்சம் வந்து இறங்கியிருக்கின்றன. எரிக் ஐர் என்ற பத்திரிகையாளர் இதைத் தோண்டி எடுத்து 2016-ல் எழுதினார், 2017-ல் புலிட்சர் பரிசு பெற்றார். மாநிலம் முழுவதற்கும் ஆறு வருஷத்தில் வந்த ஹைட்ரோகோடோனும், அதன் இனமான ஆக்ஸிகோடோனும் சேர்ந்து 78 கோடி மாத்திரைகள். பச்சைக் குழந்தையையும் சேர்த்துக் கணக்குப் போட்டாலும் ஆளுக்கு 400-க்கு மேல். லாரியில் ஏற்றி அனுப்பியவர்களுக்கு ஊரின் ஜனத்தொகை தெரியாமலா இருந்திருக்கும்?

அதற்கும் முந்தைய கதையைக் கேளுங்கள். 1980-ல் ஒரு பெரிய மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது இந்த வகை மருந்து கொடுக்கப்பட்ட 11,882 பேரில் நான்கு பேர்தான் அடிமையானதாகப் பதிவாகியிருக்கிறது என்றது அந்தக் கடிதம். அவர்கள் ஆஸ்பத்திரிக்குள் நர்ஸ் கையால் மருந்து வாங்கியவர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் விழுங்குபவர்களைப் பற்றி அதில் ஒன்றுமே இல்லை. ஆனால் 'அடிமையாவது அபூர்வம்' என்பதற்கு ஆதாரமாக அந்தக் கடிதத்தை ஊரெல்லாம் காட்டினார்கள். அது 608 முறை மேற்கோள் காட்டப்பட்டதாக 2017-ல் அதே இதழில் வந்த ஓர் ஆய்வு எண்ணிச் சொன்னது. காட்டியவர்களில் பெரும்பாலோர், அது ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பற்றியது என்பதைச் சொல்லவே இல்லை.

1996-ல் அமெரிக்காவின் பர்டியூ ஃபார்மா கம்பெனி, ஆக்ஸிகோடோனை ஆக்ஸிகான்டின் என்ற மாத்திரையாக விற்க ஆரம்பித்தது. மெதுவாகக் கரைவதால் தவறாகப் பயன்படுத்தும் வாய்ப்பு குறையும் என்று 'நம்பப்படுகிறது' என லேபிளிலேயே ஒரு வரி. விற்பனை ஆட்கள் டாக்டர் வாசலுக்கு வாசல் போனார்கள். 2007-ல் கம்பெனி தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டாலருக்கு மேல் கட்டியது. மூன்று உயர் அதிகாரிகளும் ஒப்புக்கொண்டார்கள், ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை. 2020-ல் அதே கம்பெனி மறுபடியும் கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. இத்தனை நடக்கும் வரையில் அந்த மலையூர்களில் யார் தலை குனிந்து நடந்தார்கள்? மாத்திரை தின்றவனும் அவன் தாயும்தான்.

'இது பழக்கமாகாது' என்ற இந்தப் பேச்சும் ரொம்பப் பழசு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறதே கசகசா, அந்தச் செடியின் காயைக் கீறினால் வருகிற பாலைக் காயவைத்தால் அபின். (கசகசாவைக் கண்டு பயப்பட வேண்டாம், குழம்புக்குத் தாராளமாக அரைக்கலாம்.) அதிலிருந்து மார்ஃபினைப் பிரித்தார்கள், பழக்கம் பிடித்தது. 1898-ல் மார்ஃபினை மாற்றி, பழக்கமாகாத இருமல் மருந்து என்று பேயர் கம்பெனி ஒன்றை விற்றது. அதன் பெயர் ஹெராயின்.

சரி, நம் ஊருக்கு வருவோம். பழியை எப்படிப் பங்கு போடுவது? தெரிந்தவனுக்குக் கூடுதல், தெரியாதவனுக்குக் குறைவு. இதைத் தவிர வேறு நியாயமான தராசு எனக்குத் தெரியவில்லை.

மருந்தின் குணம் செய்தவனுக்குத் தெரியும். எழுதிக் கொடுத்த டாக்டருக்குத் தெரியும். அவரிடம் நூறு பேர் காத்திருக்கிறார்கள், "நாளைக்கே வேலைக்குப் போகணும் சார், பவரா ஒரு ஊசி போடுங்க" என்று நாமும்தான் கேட்கிறோம், உண்மை. ஆனாலும் 'பத்து நாளுக்கு மேல் இதைத் தொடாதே, வலி இருந்தால் என்னிடம் திரும்பி வா' என்று சொல்ல அரை நிமிஷம் போதும்.

மருந்துக்கடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், அது என் தொழில். 2014 மார்ச் முதல் ஹெச்1 அட்டவணை என்று ஒன்று அமலில் இருக்கிறது. டிராமடால் போன்ற மருந்துகளை விற்றால் எழுதிய டாக்டரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். 2018-ல் டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள். சட்டத்தில் ஓட்டை இல்லை. ஆனால் எத்தனையோ கடைகளில் சுவரில் சர்டிஃபிகேட் தொங்கும், சர்டிஃபிகேட்டுக்கு உரியவர் இருக்க மாட்டார். கல்லாவில் நிற்பது பத்தாவது முடித்த பையன். ஒட்டுப்போட்ட சீட்டை வாங்கி மாத்திரையைக் கொடுத்த அந்தப் பையனுக்கு என்ன தெரியும்? இல்லாத மருந்தாளுநருக்குத் தெரியும், அவரை வராமல் இருக்க விட்டவருக்கும் தெரியும்.

இந்த அட்டையைப் பாருங்கள். பின்பக்கம் சிவப்புக் கட்டம் போட்டு ஓர் எச்சரிக்கை. மருத்துவ ஆலோசனை இல்லாமல் இதைச் சாப்பிடுவது ஆபத்து என்று அச்சடித்திருக்கிறது, ஆங்கிலத்தில். தமிழில் ஓர் எழுத்து இல்லை. மூட்டை தூக்குகிறவரிடம் இதைக் கொடுத்துவிட்டு 'நீ படித்துப் பார்த்திருக்க வேண்டும்' என்று எந்த வாயால் சொல்வது?

அடுத்து நான். மருந்தின் குணம் எனக்கும் தெரியும், இருந்தும் அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. மூன்று நாளில் மூட்டை தூக்க வைத்த கூலிமுறைக்கும் ஒரு பங்கு உண்டு. இதையெல்லாம் கழித்துவிட்டு மிச்சம் இருப்பதைத்தான் அந்த மனிதர் மேல் வைக்கலாம். ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இரண்டு மாத்திரை கொடுத்து 'போட்டுப் பாருங்க, பறந்துரும்' என்று சொல்லியிருக்கிறார், அது அவர் செய்தது.

இளவட்டப் பையன்கள் சிலர் வலி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்வதைப் பேப்பரில் படிக்கிறீர்கள். டிராமடாலை இறுக்கியதும் அடுத்து டபென்டடால் என்ற இன்னொரு வலி மாத்திரையின் பெயர் போலீஸ் செய்திகளில் அடிக்கடி வர ஆரம்பித்தது. அமெரிக்காவில் 2010-ல் ஆக்ஸிகான்டினை நசுக்க முடியாதபடி மாற்றியதும் பலர் ஹெராயினுக்குத் தாவினார்கள், அதற்கப்புறம் அதைவிட வீரியமான ஃபென்டனில் என்ற மருந்து வந்து சாவு இன்னும் கூடியது. ஒரு வாசலை மட்டும் சாத்தினால் அடுத்த வாசல் திறக்கும். மாத்திரையில் மாவும் டால்க்கும் கலந்திருக்கும், அது ரத்தக்குழாயை அடைத்துப் புண்ணாக்கும். ஒரே ஊசியை நான்கு பேர் மாற்றிக்கொண்டால் எச்.ஐ.வி., மஞ்சள் காமாலைக் கிருமி எல்லாம் கூடவே வரும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லா வலி மருந்தையும் வெறுத்துவிடாதீர்கள். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடிக்குப் பயந்து ஆஸ்பத்திரிகளே மார்ஃபின் வைப்பதை நிறுத்தின. புற்றுநோய்க்காரர்கள் வலியில் துடித்துச் செத்தார்கள். கேரளத்து டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருஷக்கணக்கில் போராடித்தான் 2014-ல் சட்டத்தைத் திருத்தி வழிவிட்டார்கள். புற்றுநோயில் படுத்திருக்கும் உங்கள் அப்பத்தாவுக்கு டாக்டர் மார்ஃபின் எழுதினால் பயப்படாமல் கொடுங்கள்.

அந்த லோடுமேனை முதலில் வீட்டார் எங்கோ ஒரு மையத்தில் அடைத்துவைத்தார்கள். அடைத்துவைத்து வெளியே விடுவதில் ஒரு ஆபத்து உண்டு. சில வாரம் மருந்து இல்லாமல் இருந்த உடம்பு பழைய தாங்குசக்தியை இழந்துவிடும். வெளியே வந்து பழைய அளவையே போட்டால் மூச்சு நின்றுபோகும். நல்ல வேளை, அவர் அப்படிப் போகவில்லை. அந்த டாக்டரம்மா சொன்ன இடத்துக்குப் போனார். நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரினார்ஃபின் மாத்திரை கொடுத்தார்கள். உளைச்சலை அடக்கும், மயக்கத்தில் தள்ளாது. ரொம்ப நாள் சாப்பிட்டார். "ஒண்ண விட்டு இன்னொண்ணப் பிடிச்சுக்கிட்டான்" என்று ஊர் பேசியது. சர்க்கரை வியாதிக்காரர் தினம் மாத்திரை போடுவதை நாம் அப்படிச் சொல்வதில்லையே. இப்போது ஒரு குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறார். இடுப்பு மழைக்காலத்தில் வலிக்கத்தான் செய்கிறது. சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்கிறார்.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு இந்த நூலகத் திண்ணையில் உட்கார்ந்திருப்பேன். அலமாரியிலும், சாமி படத்துக்குப் பின்னாலும், பிரிட்ஜ் மேலேயும் கிடக்கிற மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றும் எதற்கு, எத்தனை நாளைக்கு என்று தமிழில் எழுதி ஒட்டித் தருகிறேன். ரொம்ப நாளாகச் சாப்பிட்டு வருகிற மாத்திரை இருந்தால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், எந்த டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்கிறேன், தேவைப்பட்டால் கூட வருகிறேன். வெளியில் பேசக் கூச்சமாக இருந்தால் 14446 என்ற இலவச எண்ணுக்கு போன் போடுங்கள், போதைப் பழக்கத்திலிருந்து மீள்வதற்கென்றே அரசாங்கம் வைத்திருக்கும் எண். வீட்டில் யாருக்காவது வெயில் காலத்தில் புல்லரித்து, கொட்டாவியாக வந்துகொண்டிருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். இந்த முறை கேட்காமல் அனுப்ப மாட்டேன்.