திரும்பி வந்தா இயற்பியல் மாற்றமா? உரசிப் பாத்துடலாம்

வணக்கம் மக்களே! நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். பரீட்சைக்கு முன்னாடி உங்கள்ல நிறைய பேர் ஒரு வரியை மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. "இயற்பியல் மாற்றம்னா பழையபடி திரும்பும், வேதியியல் மாற்றம்னா திரும்பாது." பனிக்கட்டி உருகினா திரும்ப உறைய வைக்கலாம், காகிதம் எரிஞ்சா சாம்பல்தான். இந்த ரெண்டுக்கும் அந்த வரி கச்சிதமா பொருந்துது. இன்னைக்கு அதைக் கொஞ்சம் உரசிப் பாக்கலாம்.

இந்த டெஸ்ட் டியூப்ல நீலமா இருக்கே, இது மயில்துத்தம். தாமிர சல்பேட். விஷம், அதனால கையால தொடாதீங்க. செய்யணும்னா பள்ளி ஆய்வகத்துல, டீச்சர் பக்கத்துல நிக்கும்போது, கண்ணாடி போட்டுக்கிட்டு மட்டும்தான். சரி, சின்ன சுடர்ல மெதுவா சூடாக்குறேன். டியூப்போட வாய் கொஞ்சம் கீழ்ப்பக்கமா சாஞ்சிருக்கு பாருங்க, காரணம் இருக்கு. இதோ, நீலம் வெளுக்க ஆரம்பிச்சிருச்சு. வாய்க்கிட்ட தண்ணித் துளி கோத்து நிக்குதே, தெரியுதா? நான் ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தல! படிகத்துக்குள்ளயே இருந்த தண்ணி அது. தாமிர சல்பேட் அலகு ஒவ்வொண்ணோடவும் 5 நீர் மூலக்கூறு சேர்ந்திருக்கும், சூடு பட்டதும் அது கழண்டு வந்துடுது. டியூப்பை நிமித்திப் பிடிச்சிருந்தா இந்தத் தண்ணி சூடான அடிப்பக்கம் ஓடி, கண்ணாடியில விரிசல் விட்டிருக்கும். மிச்சம் இருக்கிறது வெள்ளைத் தூள். ரொம்ப சூடாக்கினா கறுத்துப் போயிடும், அது வேற கதை.

நல்லா ஆறட்டும்... ம்ம், இப்போ ரெண்டு சொட்டுத் தண்ணி. பாத்தீங்களா, நீலம் வந்துடுச்சு! டியூப்பைத் தொட்டா வெதுவெதுன்னு இருக்கு. நீலப் படிகம் வேற பொருள், வெள்ளைத் தூள் வேற பொருள். அதனால நடந்தது வேதியியல் மாற்றம், ஆனாலும் திரும்பி வந்துடுச்சு. இன்னொண்ணும் சொல்றேன். கார்ல இருக்கிற பேட்டரியில மின்சாரம் எடுக்க எடுக்க, காரீயம் காரீய சல்பேட்டா மாறும். சார்ஜ் பண்ணினா திரும்பக் காரீயம். முழுக்க முழுக்க வேதியியல்தான் அது. அந்தப் பக்கம், ஒரு கண்ணாடி டம்ளர் கீழ விழுந்து நொறுங்குச்சுன்னு வைங்க. யாராலயும் பழையபடி ஆக்க முடியாது, ஆனா ஒவ்வொரு துண்டும் அதே கண்ணாடிதான். இயற்பியல் மாற்றம்.

அடையாளங்களை நம்பினாலும் இதே கதைதான். "குமிழி வந்தா வேதியியல்"னு சிலர் சொல்லுவாங்க. கொதிக்கிற தண்ணியில குமிழிக்குள்ள இருக்கிறதே தண்ணியோட ஆவிதான்! "ஒளியும் வெப்பமும் வந்தா வேதியியல்"னா, பழைய குண்டு பல்புல டங்ஸ்டன் இழை தகதகன்னு எரியுதே? சும்மா சூடாகுது, டங்ஸ்டன் டங்ஸ்டனாவேதான் இருக்கு. இதெல்லாம் துப்பு மாதிரி. துப்பு கிடைச்சதும் தீர்ப்பு எழுதிட முடியுமா?

அப்போ எதைக் கேக்கணும்? "புதுசா ஒரு பொருள் வந்துச்சா?" இது ஒண்ணுதான் கேள்வி. அதுக்குப் பதில் சொல்றது அந்தப் பொருளோட பண்புகள். இரும்புத்தூள் 7 பங்கு, கந்தகம் 4 பங்கு, எடை பாத்துக் கலந்து வச்சிருக்கேன். காந்தத்தைக் கிட்ட கொண்டு போறேன். இரும்பு மட்டும் தாவி ஒட்டிக்குது, மஞ்சள் தூள் அப்படியே கிடக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு, அவ்ளோதான், தன் குணத்தை எதுவும் விடல. இதையே சூடாக்கினா ஒரு இடத்துல செக்கச்செவேல்னு பத்தும். அப்புறம் அடுப்பை அணைச்சாலும் அந்தச் சிவப்பு தானா பரவிக்கிட்டே போகும். முடிஞ்சதும் கிடைக்கிறது கறுப்பா ஒரு கட்டி, இரும்பு சல்பைடு. மஞ்சளும் இல்ல, காந்தத்தையும் கண்டுக்கல. கெட்ட வாயு வரும்ங்கிறதால இதைக் கேமரா முன்னாடி சூடாக்கல, ஆய்வகத்துல, அந்த வாயுவை வெளிய இழுத்துடுற புகைக்கூண்டுக்குள்ள வச்சுதான் செய்யணும்.

ஒண்ணு கவனிச்சீங்களா? காந்தத்துல ஒட்டுமா, நிறம் என்ன, எத்தனை டிகிரியில உருகும், இதையெல்லாம் பொருளை இழக்காமலே பாத்துடலாம். அதான் இயற்பியல் பண்பு. ஆனா "இது எரியுமா?"ன்னு கேட்டா, எரிச்சுப் பாத்தாதான் தெரியும், பாத்து முடிக்கும்போது அந்தப் பொருள் நம்ம கையில இருக்காது. வேதியியல் பண்போட சிக்கலே அதுதான். எனக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பிடிக்கும்.

உப்பு தண்ணியில கரையறது எந்த வகைன்னு போன வீடியோவுல கேட்டிருந்தீங்க. உங்க புத்தகம் இயற்பியல் மாற்றம்னு சொல்லும், பரீட்சையில அதையே எழுதுங்க. உள்ளுக்குள்ள சோடியம், குளோரைடு அயனிகள், அதாவது மின்னூட்டம் உள்ள துகள்கள், தனித்தனியா பிரியுதுங்கிறதால, அதைப் பத்தி வாதம் பண்றவங்களும் இருக்காங்க.

சரி, உங்களுக்கு ஒரு வேலை. வீட்டுல பெரியவங்க யாரையாவது பக்கத்துல வச்சுக்கிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைங்க. திரியிலிருந்து வெள்ளையா ஒரு புகைக்கோடு எழும்பும். எரியிற தீக்குச்சியைத் திரியில படாம, அந்தக் கோட்டுல மட்டும் காட்டச் சொல்லுங்க. சுடர் கோடு வழியா கீழ இறங்கித் திரியைப் பத்த வைக்கும். அந்த வெள்ளைக் கோடு என்ன பொருள்? அது உண்டானது எந்த மாற்றம், அது எரிஞ்சது எந்த மாற்றம்? கமென்ட்ல காரணத்தோட எழுதுங்க, வெறும் விடை மட்டும் எழுதினா லைக் கிடையாது!