பாஜோ மக்களின் நாவில் இந்தோனேசிய மொழி

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

கடலோரத்தில் ஒதுக்கப்பட்டு வாழும் மக்கள் நாட்டு மொழியை அறியாததாலேயே பின்தங்கினார்கள் என்று சொல்வது எளிது. இந்தோனேசியாவின் தென்கிழக்குச் சுலாவேசியைச் சேர்ந்த வக்காத்தோபி தீவுகளில் வாழும் பாஜோ என்னும் கடல்சார் இனத்து மீனவர்களைப் பார்த்தால், அந்த விளக்கம் நிற்பதில்லை.

வாங்கி-வாங்கித் தீவை ஒட்டிய மோலாவிலும், காலெடுப்பாத் தீவின் எதிரே கடலுக்குள் கால்கள் நட்டு வீடு கட்டியிருக்கும் சாம்பெலாவிலும் வீட்டுப் பேச்சு பாஜோ மொழி. மீனைக் கொடுத்து மரவள்ளிக்கிழங்கு வாங்கக் கரையேறினால் தீவுக்காரர்களின் மொழி வேண்டும். வெளியூர் வியாபாரியிடம் விலை பேச இந்தோனேசிய மொழி வேண்டும். மலாய் மொழியிலிருந்து உருவான அம்மொழி டச்சு ஆட்சிக் காலத்தில் இளைஞர் மாநாடு எடுத்த 1928ஆம் ஆண்டு இளைஞர் உறுதிமொழியில் ஒற்றுமையின் மொழியாகவும், 1945ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 36ஆம் பிரிவில் அரச மொழியாகவும் இடம்பெறுவதற்கு வெகு காலம் முன்பே, சந்தை மலாய் அத்தீவுக்கூட்டத்தின் துறைமுகங்களில் புழங்கிவந்தது. பல மொழிகளில் பிழைக்கத் தெரிந்தவர்களை மொழியறியாதவர்கள் என்பது, என் கருத்தில், பார்ப்பவரின் குறைபாடு.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. மீன் விலை பேசும் இந்தோனேசிய மொழி ஒன்று. குடும்ப அட்டைக்கும் மானிய டீசலுக்கான பரிந்துரைக் கடிதத்துக்கும் அலுவலகம் கேட்கும் இந்தோனேசிய மொழி மற்றொன்று. 1996இல் வக்காத்தோபி தேசியப் பூங்காவானபின், எந்தப் பவளத்திட்டில் வலை வீசலாம், எங்கே கூடாது என்பதும் அந்த அலுவலக மொழியிலேயே எழுதப்பட்டது. பள்ளியில் அதிக நாள் இருக்க முடியாமல் தந்தையோடு படகேறிய பிள்ளைக்கு விலை பேசும் மொழி சரளமாக வரும். அலுவலக மொழியை யாராவது படித்துச் சொல்ல வேண்டும். படித்துச் சொல்பவர் பெரும்பாலும் கரைக்காரர் என்பதால், அவரைச் சார்ந்திருக்கும் நிலையும் கூடவே வந்துவிடுகிறது.

எல்லை தாண்டினால் நிலைமை தலைகீழாகிறது. பாய்மரப் படகில் மரபுவழி மீன்பிடிப்போருக்கு ஆஸ்திரேலியக் கடலின் சில திட்டுகளில் இடமளித்த 1974ஆம் ஆண்டு இந்தோனேசிய-ஆஸ்திரேலிய உடன்பாட்டை மீறியதாகப் பிடிபடும் பாஜோ மீனவரிடம் மொழிபெயர்ப்பாளர் பேசுவது இந்தோனேசிய மொழியில். ஊரில் இரண்டாம் மொழியாக இருப்பது அங்கே அவருடைய தாய்மொழியாகக் கருதப்பட்டுவிடுகிறது.

தொடக்க வகுப்புகளில் வட்டார மொழியில் கற்பிக்க 2003ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 33ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அனுமதியைப் பாஜோ பேசும் ஆசிரியர்களைக் கொண்டு செயலாக்குவதும், பூங்கா விதிகளைக் கையெழுத்து வாங்குமுன் பாஜோ மொழியில் வாய்விட்டு விளக்குவதும் அதிகாரிகள் செய்ய வேண்டிய வேலை. அதை மீனவர் தலையில் ஏற்றக்கூடாது.