பூநாரைக்கும் எனக்கும் நடுவுல ஒரு பி.வி.சி. துண்டு

காத்து சத்தம் வந்தா கொஞ்சம் பொறுத்துக்கோங்க, மைக்குக்குப் பஞ்சு மாட்டியும் அடங்க மாட்டேங்குது. மணி ஆறே முக்கால். சூலூர்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா போற ரோட்டுல நிக்கிறேன். ரெண்டு பக்கமும் பழவேற்காடு ஏரி. ஆரம்பாக்கத்துல வண்டியை எடுக்கும்போது கும்மிருட்டு. தடாவுல ஒரு டீ. அவ்ளோதான் பயணக் கதை.

எனக்குப் பின்னாடி வெள்ளையா ஒரு கோடு தெரியுதா? தெரியாது, போன் கேமராவுக்கு அது ஒண்ணுமே இல்ல. ஆனா அது பூநாரைக் கூட்டம். இங்கிருந்து அரை கிலோமீட்டருக்கு மேல தூரம் இருக்கும். இறங்கி நடந்தா முழங்கால் வரை சேறு, அதுக்குள்ள மொத்தமும் எழுந்து பறந்துடும். கிட்ட போய்த் தொல்லை கொடுக்கவும் கூடாது. அதனாலதான் இந்த ஸ்கோப்பு, அதாவது ஸ்டாண்டுல வச்சுப் பறவை பார்க்கிற ஒத்தைக் கண் தொலைநோக்கி. முன்பக்கக் கண்ணாடி 80 மில்லிமீட்டர், கண்ணு வைக்கிற பக்கம் இருக்கிற ஐபீஸ் 20லிருந்து 60 மடங்கு வரைக்கும் பெருசாக்கும். பழசு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினது.

இதுல நம்ம கண்ணு வைக்கிற இடத்துல போன் கேமராவை வச்சா, அதுதான் டிஜிஸ்கோப்பிங். 1999-ல மலேசியாவுல லாரன்ஸ் போ (Laurence Poh) அப்படிங்கிற ஒரு பறவை ஆர்வலர் சின்ன டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்புல வச்சு எடுத்துப் பார்த்து, அதை உலகம் முழுக்கப் பரப்பினாரு. தத்துவம் அப்போ என்னவோ, இப்பவும் அதேதான்.

போனை ஸ்கோப்போட சேர்த்துப் பிடிக்கக் கடையில விக்கிற அடாப்டர் உண்டு. நான் அதை வாங்கல. இதைப் பாருங்க: ரெண்டு பைப்பை இணைக்கிற பி.வி.சி. கப்லிங் ஒரு துண்டு, உள்ளே பிடிப்புக்கு சைக்கிள் ட்யூப், மேல போனோட பழைய பேக் கவர், அதுல ஓட்டை. முதல் தடவை ஓட்டை ரெண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போச்சு. படத்துல பாதி நிலா, பிறை மாதிரி. ஒட்டின பசையும் விடல, கவரோட சேர்த்துக் குப்பையில போட்டேன். இப்போ முதல்ல போனைப் பிடிச்சு வட்டம் நடுவுல வருதான்னு பார்த்துக் குறிச்சுட்டுத்தான் ஒட்டுறது.

அந்த இடைவெளியும் முக்கியம். ஐபீஸ் கண்ணாடிக்கும் போன் லென்ஸுக்கும் நடுவுல எனக்கு ஒண்ணரை சென்டிமீட்டர் சரியா வருது. கிட்ட போனாலும் ஓரம் கருக்குது, தள்ளினாலும் கருக்குது. ஐபீஸ்ல இருக்கிற ரப்பர் கப்பைக் கீழ திருகி விட்டுருங்க. அப்பவும் கறுப்பு வளையம் இருந்தா போன்ல லேசா ஜூம் பண்ணுங்க, போயிடும். மூணு லென்ஸ் இருக்கிற போன்காரங்க ஒண்ணு கவனிங்க: ஜூம் பண்ணும்போது அதுவே பக்கத்து லென்ஸுக்கு மாறிடும். திடீர்னு திரை கறுப்பாயிடும், என்னமோ உடைஞ்சுபோச்சுன்னு பயந்துடுவீங்க. கிட்ட எதாவது இருந்தா தானா லென்ஸ் மாத்துற ஆட்டோ மேக்ரோவையும் அணைச்சு வைங்க.

டி.எஸ்.எல்.ஆர்., அதாவது லென்ஸ் கழட்டி மாட்டுற பெரிய கேமரா மாட்டணும்னா, அதை ஸ்கோப்போட இணைக்கிற டி-ரிங்னு தனி வளையம் இருக்கு. கனம் கூடும், ஸ்டாண்டும் அதுக்கேத்த மாதிரி வேணும். என்கிட்ட கேட்டா போனே போதும்.

இப்போ கணக்கு. என் போனோட மெயின் லென்ஸ், பெரிய கேமரா கணக்குல சுமார் 25 மில்லிமீட்டர். ஸ்கோப்பை 20 மடங்குல வச்சா 500 மில்லிமீட்டர் லென்ஸ் மாதிரி. 60-ல வச்சா 1500. கேக்க ஜோரா இருக்கு இல்ல? எல்லாரும் விழுறது இங்கதான். 80-ஐ 20-ஆல வகுங்க, 4 வருது. ஐபீஸ்ல இருந்து வெளியே வர்ற வெளிச்ச வட்டம் 4 மில்லிமீட்டர் அகலம். 60-ஆல வகுத்தா ஒண்ணே கால் சொச்சம்தான். வெளிச்சம் ஒன்பதுல ஒரு பங்காயிடுது. போன் என்ன பண்ணும்? ஷட்டரை மெதுவாக்கும். பறவை தலையை ஆட்டினாலே போச்சு.

இதோ ஒரு பஸ் வருது... ம். பாத்தீங்களா, திரை முழுக்க ஆடுது. ரோட்டு மேல ஸ்டாண்டு வைக்கவே கூடாது, இறங்கி மண்ணுல வைக்கணும். ஸ்டாண்டோட நடுத்தண்டை ஏத்தாதீங்க. ஆடாம இருக்க ஸ்டாண்டுல கனமா பையைத் தொங்க விடுறது நல்லதுதான், ஆனா காத்துல அது ஊஞ்சல் ஆடும், அடி தரையைத் தொடுற மாதிரி விடுங்க. பட்டனைத் தொடாம மூணு செகண்ட் டைமர். வெள்ளைப் பறவை, அதனால திரையை அழுத்திப் பிடிச்சு ஃபோகஸைப் பூட்டிட்டு வெளிச்சத்தைக் கொஞ்சம் கீழ இறக்கணும், இல்லன்னா இறகெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடும்.

தை மாசம் சூரியன் தெக்குச் சாஞ்சு வரும், அதனால வடக்குப் பார்த்து வச்சிருக்கேன், வெளிச்சம் முதுகுப் பக்கம். ராக்கெட் தளம் இருக்கிற பக்கம் ஸ்கோப்பைத் திருப்பாதீங்க, வீண் வம்பு.

ம்... கிடைச்சுது. 20 மடங்கு. தலையைக் கவுத்து அலகைத் தலைகீழா வச்சுச் சலிக்குது பாருங்க. அலகு ரோஸ், நுனி மட்டும் கறுப்பு, அப்போ பெரிய பூநாரை.

எருமை மேய்க்கிற தாத்தா ஒருத்தர் வந்து நிக்கிறாரு. "அந்துலோ ஏமுந்தி?"ங்கிறாரு, அதுல என்ன இருக்குன்னு தெலுங்குல கேக்குறாரு. கொங்கலு தாத்தா, சூடண்டின்னேன், கொக்குங்க, பாருங்கன்னு. போனைக் கழட்டிட்டுக் கண்ணை வைக்கச் சொன்னேன். ரொம்ப நேரம் நகரவே இல்ல மனுஷன். எனக்குத்தான் காலை நேரத்து நல்ல வெளிச்சம் போயிட்டிருக்கு.

சரி, இப்போ மணி பத்தரை. அதே கூட்டம், அதே இடம், இப்போ 60 மடங்கு. பாருங்க. காலெல்லாம் கரைஞ்சு போச்சு, உடம்பு மட்டும் தண்ணி மேல மிதக்குது. ஃபோகஸ் தப்பு இல்ல, ஸ்கோப்பு மேலயும் குத்தம் இல்ல. ஏரி மேல காத்து சூடாகி நெளியுது, கானல். ஸ்கோப்பு பறவையை மட்டுமா பெருசாக்குது, நடுவுல இருக்கிற அரை கிலோமீட்டர் காத்தையும் சேர்த்துத்தான் பெருசாக்குது. எத்தனை லட்சம் போட்டு லென்ஸ் வாங்கினாலும் இதுக்கு மருந்து கிடையாது. காலையில 20-ல எடுத்த படத்தை வெட்டிப் பெருசாக்கிப் பக்கத்துல வைக்கிறேன், எது தெளிவுன்னு நீங்களே பாருங்க.

இனி சாயங்காலம் வரைக்கும் இங்க வேலை இல்ல. பக்கத்துல இருக்கிற நேலப்பட்டு பறவைகள் சரணாலயத்துல கூழைக்கடா மரத்து மேல கூடு கட்டியிருக்கும், அங்க தூரம் கம்மி, கானலும் அவ்வளவு தொந்தரவு பண்ணாது. போன்ல சார்ஜ் 12 பர்சன்ட். முதல்ல சூலூர்பேட்டையில இட்லியும் ஒரு பிளக் பாயிண்ட்டும் கிடைக்குதா பார்ப்போம். வண்டி எடுக்கிறேன்.